இரண்டு பேனையால் நிரப்பிய தாள்

துணுக்காய்ப் பக்கத்தில் சிவலட்சுமி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மிட்வைப் மிஸ் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். இருபத்தாறு வருடமாக அந்தப் பகுதியின் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்த அரசாங்க உத்தியோகத்தர் அவர். முதலில் சைக்கிளில் போனார், பிறகு ஸ்கூட்டரில். வயது ஐம்பத்தேழு. கொஞ்சம் பருத்த உடம்பு, கணீரென்ற குரல். நிறை குறைந்த பிள்ளையோடு வரும் தாய்மார் அந்தக் குரலுக்குப் பயந்தார்கள். எந்தத் தாய் உண்மை சொல்கிறாள், எவள் ஒளிக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அப்படிப்பட்டவர் தன் உடம்பில் நடந்ததை எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மலத்தோடு இரத்தம் போனது. மூலவியாதியாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கிளினிக் சுவரில் இப்படி இரத்தம் போனால் காட்டுங்கள் என்று படத்தோடு ஒரு அறிவித்தல் தொங்கியது. அதை ஒட்டியவரே அவர்தான். ஆனால் கூட வேலை செய்கிறவர்களிடம் அந்த இடத்தைப் பற்றி வாய் திறக்க வெட்கமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வவுனியாவுக்குப் போய், தன்னைத் தெரியாத ஒரு பாமசியில் களிம்பு வாங்கிக்கொண்டு வந்தார். கணவர் சிற்றம்பலம் கேட்டபோது சீலைக்குப் பிளவுஸ் துணி பார்க்கப் போனதாகச் சொன்னார்.

இதற்கிடையில் கையும் காலும் மெலிந்துகொண்டு போயின. வயிறும் இடுப்பும் பழையபடியே இருந்ததால் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. தாய்மாருக்கான தராசில் ஏறிப் பார்த்தார். மூன்று கிலோதான் குறைந்திருந்தது. நல்லதுதானே என்று இறங்கினார். ஆனால் ஸ்கூட்டரைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்ற முடியாமல் போனது. இரண்டு தரம் முயன்று, மூச்சு வாங்கி, பக்க ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு, ஸ்டாண்ட் பழுது என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் கிளினிக்கில் மயங்கி விழுந்தார். இரத்தம் பரிசோதித்தால் பாதிதான் இருந்தது. அதன் பிறகு மறைக்க வழியில்லை. யாழ்ப்பாணத்தில் கமரா விட்டுப் பார்த்து, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஈரலுக்கோ வேறு இடத்துக்கோ போகவில்லை, வெட்டி எடுத்தால் சுகப்பட இடமுண்டு என்றும் சொன்னார்கள். அலுவலகத்தில் லீவு கேட்டபோது கர்ப்பப்பை ஒப்பரேசன் என்றார். அதைச் சொல்ல வெட்கமில்லை. மற்றதைச் சொல்ல நா எழவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்கான் படத்தைக் கணினியில் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே உடம்பைக் குறுக்காக வெட்டிப் பார்த்தது போன்ற படம்.

"இந்தக் கறுப்பு கொழுப்பு. இந்தச் சாம்பல் நிறம் தசை," என்றார் அவர். "முதுகெலும்புக்குப் பக்கத்திலை பாருங்கோ. உங்கடை வயதுக்கு இருக்க வேண்டிய தசை இல்லை. தராசு உங்களை ஏமாத்திப் போட்டுது."

பிறகு கைப்பலம் அளக்கும் ஒரு கைப்பிடிக் கருவியை இறுக்கச் சொன்னார். சிவலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். டொக்டர் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார். அடுத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பி உட்காரச் சொன்னார். நான்காம் தரம் சிவலட்சுமியின் கை தன் பாட்டில் கதிரைக் கையைப் பிடித்தது. சிற்றம்பலம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் மனைவிக்குப் பின்னால் நடந்தே பழகிய மனிதர் அவர். அன்றைக்கு முதன்முதலாக அவள் தோற்றதைக் கண்டார்.

"ஒப்பரேசன் எண்டது உடம்புக்கு ஒரு பெரிய ஓட்டம்," என்றார் டொக்டர். "காயம் ஆறவும், கிருமியோடை சண்டை பிடிக்கவும், சளியை இருமித் துப்பவும் தசைதான் முதல். சேமிப்பு இல்லாமல் போனால் சின்னச் சிக்கலும் பெரிசாகும். எங்களுக்கு மூண்டு கிழமை இருக்கு. ஒவ்வொரு நாளும் முட்டை, மீன், பால், பருப்பு சாப்பிடுங்கோ. பயிற்சியும் செய்யுங்கோ. மூண்டு கிழமையிலை எல்லாம் திரும்பி வராது. ஆனால் வாறதே பெரிய உதவி."

பயிற்சி சொல்லிக் கொடுத்தவள் சுதாஜினி என்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளர். முப்பது வயது இருக்கும், புலோலிப் பக்கத்துப் பெண். கதிரையில் எழும்பி இருத்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளல், அரை மணித்தியாலம் நடை. இருபத்தொரு கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் செய்ததையும் சாப்பிட்டதையும் எழுதச் சொன்னாள்.

"அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை," என்று சிரித்தாள். "நீங்கள்தானே எங்களுக்கு முன்னோடி."

சிவலட்சுமி அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

மூன்று நாள் செய்தார். நான்காம் நாள் முற்றத்தில் கதிரை போட்டு எழும்பி இருந்துகொண்டிருந்தபோது கேற்றடியில் இரண்டு தாய்மார் வந்து நின்றார்கள். கர்ப்பப்பை ஒப்பரேசனுக்கு ஏன் இந்தப் பயிற்சி என்று கேட்டுவிடுவார்களோ என்று உள்ளே போய்விட்டார். அறைக்குள் செய்தால் தொடை நடுங்கியது. மிஸ் என்று ஊர் நடுங்கும் ஒருத்தி கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் மூச்சு வாங்குவதைக் கண்ணாடியில் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குச் செய்வோம் என்று விட்டார்.

கந்தசஷ்டி வந்தது. நோய் தெரிந்த அன்றே முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். ஆறு நாளும் பகலில் ஒன்றுமில்லை, இரவில் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும். வயலில் காலபோக நெல் விதைப்பு முடித்துச் சேறோடு வந்த சிற்றம்பலம் குசினியில் வைத்த முட்டைகள் அப்படியே இருப்பதைக் கண்டார்.

"டொக்டர் சாப்பிடச் சொன்னவர் எல்லே, லட்சுமி?"

"கடவுளுக்கு மேலை டொக்டரோ? பேசாமல் போய்க் குளியுங்கோ."

அவர் குளிக்கப் போய்விட்டார். இவ்வளவு வருடமும் மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியவர்.

ஆஸ்பத்திரி வோட்டில் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாள் சிவலட்சுமி அந்தத் தாளை எடுத்தார். மூன்று கட்டம் எழுதியிருந்தது, பதினெட்டு வெறுமையாக இருந்தது. மேசையில் இருந்து நிரப்பத் தொடங்கினார். எழும்பி இருத்தல் பத்து. நடை முப்பது நிமிடம். முட்டை இரண்டு. ஐந்தாவது கட்டத்தில் கை நின்றது. ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருக்குத் தெரியும். அவரே அப்படிக் கண்டுபிடித்தவர்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது அது. சுமித்திரா என்ற தாய், மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், வயல் கூலி வேலைக்குப் போகிறவள். அவளுடைய ஒன்றரை வயதுப் பெண் பிள்ளை நிறை ஏறவில்லை. சிவலட்சுமி ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்து, பிள்ளைக்குத் தினமும் என்ன கொடுத்தாய் என்று எழுதச் சொல்லியிருந்தார். மாத முடிவில் வந்த தாள் முழுக்க ஒரே நேரத்தில் எழுதியது. முட்டை, மீன், திரிபோஷா சத்துமா என்று முப்பது நாளும் ஒரே மாதிரி. சிவலட்சுமி அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து, கிளினிக் மைக்கில், முப்பது தாய்மாருக்கு முன் சொன்னார்: "இஞ்சை பாருங்கோ, ஒரு தாய் தன்ரை பிள்ளையின்ரை உயிரிலை பொய் எழுதிக்கொண்டு வந்திருக்கிறா." சில பேர் சிரித்தார்கள். சுமித்திரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கிளினிக்குக்கு வரவேயில்லை.

சிவலட்சுமிக்கு அது நினைவுக்கு வந்தது. வந்தும் அவர் எழுந்து போய் அலுமாரியிலிருந்து கறுப்புப் பேனை ஒன்றை எடுத்தார். சில கட்டங்களை நீலத்திலும் சிலவற்றைக் கறுப்பிலும் எழுதினார். இரண்டு நாளை வெறுமையாக விட்டு "மழை" என்று போட்டார். பார்க்க நிசம் போலவே இருந்தது.

சுதாஜினி தாளை வாங்கிப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா ஒருத்தரும் எழுதிக் கொண்டு வந்ததில்லை," என்றாள்.

ஒப்பரேசன் நன்றாக நடந்தது. கட்டியை எடுத்து, குடலைத் திரும்பவும் பொருத்தினார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் பிடித்தது. பொருத்திய இடம் கசிந்துவிட்டது. அவசரமாக இரண்டாம் தரம் வயிற்றைத் திறந்து, குடல் வாயை வயிற்றின் இடது பக்கம் வெளியே எடுத்து ஒரு பை பொருத்தினார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. இருமு, இருமு என்று தாதிமார் சொன்னார்கள். இருமுவதற்கே பலம் இல்லை. தொண்டை வரை வந்த சளி திரும்ப இறங்கியது. அவசர சிகிச்சைப் பிரிவில் பதினொரு நாள் கிடந்தார்.

வோட்டுக்குத் திரும்பியபோது சிவலட்சுமியால் கட்டிலில் புரண்டு படுக்கவே முடியவில்லை. தொடைகள் இருந்த இடத்தில் தோல் தொங்கியது. பை நிறைந்தால் அதை மாற்ற ஆள் வேண்டும். முதல் தரம் அது கசிந்து படுக்கையெல்லாம் பட்டபோது, சிற்றம்பலம் ஒரு முகச் சுளிப்பும் இல்லாமல் துடைத்தார். சிவலட்சுமி போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். சிற்றம்பலம் சுளித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

சுதாஜினி நாளுக்கு இரண்டு தரம் வந்து, கட்டில் ஓரத்தில் இருத்தி, நிற்க வைக்கப் பார்த்தாள். ஒரு நாள் பின்னேரம் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலடியில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். கோப்பில் அந்தத் தாள் இருந்தது.

"அம்மா, ஒண்டு கேக்கிறன். நீங்கள் எல்லாம் செய்தனீங்கள். சாப்பாடும் குறையில்லை. பிறகும் இப்பிடிப் போட்டுது எண்டால் நான் குடுத்த பயிற்சி காணாது போலை. ஆம்பிளையள் வோட்டிலை ஒரு ஐயா அடுத்த மாசம் இதே ஒப்பரேசனுக்கு நிக்கிறார். உங்களைவிட மெலிவு. அவருக்கு இரண்டு மடங்காக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன். உங்கடை தாளை வைச்சுத்தான் கணக்குப் பாக்கிறன்."

சிவலட்சுமி மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஐயாவை அவர் பார்த்திருந்தார். கதவுக்கு வெளியே விறாந்தையில் ஒரு கைத்தடியோடு மலசலகூடத்துக்குப் போகும்போது சுவரைப் பிடித்து மூன்று இடத்தில் நிற்பார்.

"அந்தத் தாளை எடுத்துப் போடு, பிள்ளை."

"ஏன்?"

"அது பொய்."

சுதாஜினி தாளைப் பார்த்தாள்.

"மூண்டு நாள்தான் செய்தனான். மிச்சம் முழுக்க ஒரே இருப்பிலை எழுதினது. இரண்டு பேனையாலை எழுதினனான், நீ பிடிக்கக் கூடாதெண்டு. முட்டை ஒண்டும் சாப்பிடேல்லை. ஆறு நாள் விரதம் இருந்தனான்."

பக்கத்துக் கட்டில் பெண் இந்தப் பக்கம் திரும்பினாள். சிவலட்சுமி குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த நினைத்தார், முடியவில்லை. கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. கை தூக்கித் துடைக்கவும் களைப்பாக இருந்தது.

சுதாஜினி ஆறுதல் சொல்லவும் இல்லை, ஏசவும் இல்லை. பேனையை எடுத்து, பதினெட்டுக் கட்டத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "செய்யவில்லை" என்று எழுதினாள். கை கொஞ்சம் அழுத்தியே எழுதியது.

"விரதம் எண்டு முதலே சொல்லியிருந்தால் இரவிலை குடிக்கிற பாலைக் கூட்டியிருக்கலாம், பருப்புக் கஞ்சி சேர்த்திருக்கலாம். டொக்டர் திகதியைத் தள்ளியும் இருப்பார்," என்றாள். எழும்பும்போது, "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வாறன்," என்று மட்டும் சொன்னாள்.

டொக்டரும் அடுத்த நாள் கேள்விப்பட்டார். "செய்திருந்தாலும் கசிந்திருக்கக்கூடும்," என்றார். "அதை ஒருத்தரும் அறுதியாச் சொல்ல ஏலாது. ஆனால் அந்த நெஞ்சுச் சளியை நீங்கள் இருமித் துப்பியிருப்பீங்கள் எண்டு நினைக்கிறன்." சிவலட்சுமிக்கு முதல் வசனம் காதில் ஏறவில்லை. இரண்டாவதுதான் நின்றது.

நாற்பத்திரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஊரில் பலர் பார்க்க வந்தார்கள். கட்டிலில் பை தெரியாமல் துவாயால் மூடிக்கொண்டார். ஒப்பரேசன் காயம் ஆறும் வரை முட்டை, மீன் கூடாது, அது கிரந்தி, புண்ணைக் கிளப்பும், கஞ்சிதான் நல்லது என்றார்கள் வந்தவர்கள். இதே கதையைச் சொன்ன எத்தனையோ மாமிமாரோடு அவர் வாசலில் நின்று சண்டை பிடித்திருக்கிறார். இப்போது ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் போன பிறகு இரண்டு அவித்த முட்டை தின்றார்.

தாள் எழுதும் வேலையை இந்த முறை சிற்றம்பலத்திடம் கொடுத்தார். "நான் சொல்லி எழுத வேண்டாம். நீங்கள் கண்டால் மட்டும் எழுதுங்கோ," என்றார். அவர் வயலில் நின்றாலும் நேரத்துக்கு வந்து, கதிரைக்கு முன் குந்தியிருந்து எண்ணினார். முதல் கிழமை இரண்டு. மாசிக்குள் எட்டு. நடை வாசலிலிருந்து கேற் வரை, கேற்றிலிருந்து மதகு வரை, பிறகு வீதியில்.

பங்குனியில் ஒரு காலமை தனியே நடந்து போனார். அறுநூறு மீற்றர் தாண்டியதும் கால் பிடித்துக்கொண்டது. நின்ற இடம் சுமித்திராவின் வீட்டு வேலியடி. தற்செயலாக அங்கே போய் நின்றதாக அவர் பிறகு சொல்லிக்கொண்டதில்லை. நான்கு நாளாக அந்தப் பக்கமாகத்தான் நடந்துகொண்டிருந்தார்.

சுமித்திரா முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொடுத்தாள். சிவலட்சுமி குடித்தார். பை ஒரு சத்தம் போட்டது. அவர் வயிற்றைக் கையால் பொத்தினார். சுமித்திரா கேட்காதது போலக் கயிற்றுப் பக்கம் திரும்பினாள்.

"கர்ப்பப்பை இல்லை. குடலிலை புற்றுநோய்," என்றார் சிவலட்சுமி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே அவர் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். பிறகு தாளின் கதையையும் சொன்னார், இரண்டு பேனையையும் சேர்த்து. "உன்னை நான் மைக்கிலை வைச்சுப் பேசினனான். அதே வேலையை நானும் செய்தனான். உனக்கு முன்னாலை இருக்கவே கூசுது."

சுமித்திரா கையிலிருந்த சட்டையை உதறினாள்.

"நான் பொய் எழுதினது தப்புதான் மிஸ். நீங்க சொன்னது சரி. ஆனா ஏன் எழுதினேன்னு ஒரு வார்த்த கேக்கலையே."

"இப்ப கேக்கிறன்."

"இப்ப எதுக்கு? அந்த மாசம் அவருக்கு வேல இல்ல. வீட்டுல அஞ்சு பேரு. ஒரு முட்டைய அஞ்சாப் பிரிச்சா என்னன்னு எழுதுறது? அதுக்கப்புறம் புள்ளயத் தூக்கிக்கிட்டு மாங்குளம் கிளினிக் வரைக்கும் போனேன், பஸ்ஸுல. உங்க முன்னால நிக்க முடியாம."

"பிள்ளை இப்ப எப்பிடி?"

"பரவாயில்ல. நெற ஏறிருச்சு."

சிவலட்சுமி எழும்பப் பார்த்தார். கதிரை தாழ்வாக இருந்தது. முடியவில்லை. இன்னொரு தரம் முயன்றார். சுமித்திரா வந்து, கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். நின்றவுடன் கையை எடுத்துவிட்டாள். வாங்கோ என்றும் சொல்லவில்லை, இனி வராதே என்றும் சொல்லவில்லை. சிவலட்சுமி வீடு வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆனது.

ஆவணியில், ஸ்கானிலும் கைப்பிடிக் கருவியிலும் தேறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் டொக்டர் பையை எடுத்துவிட்டுக் குடலைத் திரும்பப் பொருத்தச் சம்மதித்தார். இந்த முறை இரண்டாம் நாளே கட்டிலை விட்டு இறங்கினார். வயிற்றைத் தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமினார். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சுதாஜினி வந்து பார்த்துச் சிரித்தாள். பழைய நெருக்கம் அந்தச் சிரிப்பில் இல்லை. சிவலட்சுமி அதை எதிர்பார்க்கவும் இல்லை.

வேலைக்குத் திரும்பியபோது அவருடைய பகுதியை வேறொருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். இவருக்கு அலுவலகத்தில் பதிவேடு பார்க்கும் வேலை. லீவுக் கடிதத்தில் நோயின் பெயரைத் திருத்தி எழுதிக் கொடுத்தார். தாய்மார் முன் மைக் பிடிக்கச் சொல்லி ஒரு தரம் கேட்டார்கள். வேண்டாம் என்றார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூநகரிப் பக்கமிருந்து பழனியாண்டி என்ற விவசாயியும் மனைவி மீனம்மாவும் இரண்டு பஸ் மாறி அவரைத் தேடி வந்தார்கள். பழனியாண்டிக்கும் அதே நோய், ஒப்பரேசனுக்கு ஒரு மாதம் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ இவருடைய பெயரைச் சொல்லியிருந்தார்கள். அவர் கையில் கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தது.

"இதெல்லாம் செய்யத்தான் வேணுமா அம்மா?" என்று கேட்டார் பழனியாண்டி. "வயக்காட்டுல பாடுபடுற ஒடம்பு. இப்புடி ஒக்காந்து எந்திரிக்க வெக்கமா இருக்கு."

"செய்யத்தான் வேணும். சாப்பிடவும் வேணும்."

"நீங்க செஞ்சீங்களா?" என்றாள் மீனம்மா.

சிற்றம்பலம் தேத்தண்ணிக் கோப்பைகளோடு குசினி வாசலில் நின்றார். சிவலட்சுமியின் முகம் சூடேறியது. ஒரு வருடம் ஆகியும் அது அப்படித்தான் ஏறியது.

"முதல் தரம் செய்யேல்லை," என்றார். "செய்ததெண்டு பொய் எழுதிக் குடுத்தனான்."

மீனம்மா கணவனைப் பார்த்தாள். பழனியாண்டி தாளைப் பார்த்தார். சிவலட்சுமி தலையைக் குனிந்துகொண்டே, முட்டைகள் தின்னாமல் குசினியில் கிடந்த நாளிலிருந்து தொடங்கி, அவர்களுக்கு முழுவதையும் சொன்னார்.